அரசு, பல்கலைக்கழக ஊழியர் சங்கங்கள்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாலுகா அலுவலகம், அரசு உதவிபெறும் கல்லூரி, பல்கலைக்கழக ஆய்வு மையம், போக்குவரத்துக் கழக டிப்போ, ரப்பர் கழகம் என்று இந்த மாவட்டத்தில் எங்கே வேலை பார்த்தாலும் சங்கம் பற்றிய கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் வருகின்றன. பதில் மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது. உங்களுக்குச் சம்பளம் தருவது யார், எந்தச் சட்டத்தின் கீழ் வேலை பார்க்கிறீர்கள் என்பதை முதலில் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நியமன ஆணையைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு படியுங்கள்.

அரசு ஊழியர் சங்கத்தில் சேரலாமா? மேலதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

சேரலாம், அனுமதி வேண்டாம். சங்கம் அமைக்கும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் தருகிறது. அரசுப் பணியில் சேர்ந்ததால் அது போய்விடாது. தகுதிகாண் பருவத்தில் இருப்பவரும் சேரலாம். ஆனால் முதல் இரண்டு வருடம் உறுப்பினராக இருந்துகொண்டு, பொறுப்புகளைக் கொஞ்சம் தள்ளி வைப்பது நல்லது என்பது என் கருத்து. இதில் சட்டச் சிக்கல் ஒன்றும் கிடையாது, ஊர் வழக்கம் தெரிந்த ஆலோசனை அவ்வளவுதான்.

காவல்துறையினர்?

அவர்களுக்கு 1966-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. அரசின் அனுமதி இல்லாமல் தொழிற்சங்கத்தில் சேர முடியாது.

எங்கள் சங்கம் முறையாகப் பதிவு பெற்றது. அப்படியானால் அரசு எங்களோடு பேசித்தான் ஆக வேண்டுமா?

இல்லை. கூட்டத்துக்குக் கூட்டம் குழப்பிக்கொள்ளும் விஷயம் இது. பதிவு, அங்கீகாரம், ஒப்பந்தம் போடும் அதிகாரம் ஆகிய மூன்றும் தனித்தனி.

ஒரு சங்கம் தொழிற்சங்கங்களுக்கான சட்டத்தின் கீழோ, 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழோ பதிவாகலாம். பதிவு இருந்தால் வங்கிக் கணக்கு தொடங்கலாம், சங்கத்தின் பெயரில் வழக்குப் போடலாம். அங்கீகாரம் என்பது அரசோ நிர்வாகமோ ‘உங்களை இந்தப் பிரிவு ஊழியர்களின் பிரதிநிதியாக ஏற்கிறோம்’ என்று தனியாக ஆணை போடுவது. அது இருந்தால் கடிதத்துக்குப் பதில் வரும், கூட்டத்துக்கு அழைப்பு வரும். மூன்றாவது, உட்கார்ந்து பேசிக் கையெழுத்திட்டு, இரு தரப்பையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போடுவது. அரசுத் துறை ஊழியர்களுக்குத் தமிழ்நாட்டில் இந்த மூன்றாவது கிடையாது. சங்கம் அமைக்கும் உரிமைக்குள் பேச்சுவார்த்தையில் பலன் பெறும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் வங்கி ஊழியர்கள் வழக்கில் 1961-லேயே சொல்லிவிட்டது.

பிறகு சம்பளம் எப்படித்தான் உயர்கிறது?

நாகர்கோவிலிலேயே இரண்டு உதாரணம் இருக்கிறது. ராணித்தோட்டம் டிப்போவில் இருக்கும் ஓட்டுநர், நடத்துநர்களுக்கு ஊதிய ஒப்பந்தம் உண்டு. தொழிற்சங்கங்களும் போக்குவரத்துக் கழக நிர்வாகங்களும் சென்னையில் பல சுற்று பேசி, கையெழுத்துப் போடுகிறார்கள். 15-வது ஒப்பந்தம் 2025-இல் கையெழுத்தானது. ஒப்பந்தத்தில் உள்ளதை நிர்வாகம் தராவிட்டால் தொழிலாளர் துறைக்கும் அதன் பிறகு நீதிமன்றத்துக்கும் போக வழி இருக்கிறது.

ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் இளநிலை உதவியாளருக்கு அப்படி ஒரு தாள் கிடையாது. அவருடைய இப்போதைய ஊதிய விகிதம் 2017 அக்டோபர் 11 தேதியிட்ட நிதித்துறை அரசாணை 303-இலிருந்து வந்தது. அதற்கு முன்பு அரசு அமைத்த அலுவலர் குழு சங்கங்களிடம் மனு வாங்கியது, கருத்துக் கேட்டது. ஆனால் முடிவு அரசுடையது, கையெழுத்தும் அரசுடையது. அதனால்தான் அரசு ஊழியர் சங்கத்தின் வேலையில் பெரும்பகுதி மனு, நினைவூட்டல், சந்திப்பு, ஆர்ப்பாட்டம், மறுபடியும் மனு என்று போகிறது. ‘சங்கம் என்ன செய்கிறது?’ என்று கோபப்படும் இளைஞர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு கோபப்பட்டால் நல்லது.

ரப்பர் கழகத் தொழிலாளர்கள் எந்தப் பக்கம்?

கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு பகுதிகளில் பால் வெட்டும் தொழிலாளர்கள் அரசு ரப்பர் கழகம் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் தொழிலாளர்கள். அரசு என்ற சொல் பெயரில் இருந்தாலும் அவர்கள் அரசு ஊழியர்கள் இல்லை, தொழில் தகராறுகளுக்கான சட்ட வழியில் வருகிறவர்கள். அதனால் கூலி ஒப்பந்தம் போட முடியும், முறையான அறிவிப்புக் கொடுத்து வேலைநிறுத்தமும் செய்ய முடியும். தற்காலிகமாக இருப்பவர்களுக்கு இன்னொரு பிடிமானம்: 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி, தொழில் நிறுவனங்களில் 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி கேட்கலாம். தோட்டங்களும் அதில் அடங்கும். ஆகவே வருகைப் பதிவில் உங்கள் பெயர் ஒழுங்காக ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் வெட்டு இல்லாத நாட்களை எப்படிக் குறிக்கிறார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள், 480 நாள் கணக்கு அங்கேதான் இடிக்கும்.

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழில் தகராறுச் சட்டம், தொழிற்சங்கச் சட்டம் இரண்டின் இடத்துக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. ஆகவே அலமாரியில் இருக்கும் பழைய மனுக்களைப் பார்த்துப் பிரிவு எண்களை அப்படியே எழுதாதீர்கள்.

பல்கலைக்கழக ஊழியர்கள் அரசு ஊழியர்களா?

நேரடியாக இல்லை. ராஜாக்கமங்கலத்தில் இருக்கும் கடல் அறிவியல் மையம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையமும் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துடையவை. கோணத்தில் இருக்கும் பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி. இங்கெல்லாம் வேலை பார்ப்பவருக்கு முதலாளி அந்தந்தப் பல்கலைக்கழகம். பணி விதிகள் பல்கலைக்கழகச் சட்டத்திலும் அதன் கீழ் வரும் நியதிகளிலும் இருக்கும். அரசுப் பதவியில் இருப்பவரை விசாரணை இல்லாமல் நீக்கக் கூடாது என்று அரசமைப்பின் 311-வது பிரிவு தரும் பாதுகாப்பு இவர்களுக்கு இல்லை.

நடைமுறையில் இது எப்படிப் படுத்தும் என்றால், நீங்கள் பதவி உயர்வு கேட்டால் பதிவாளர் ‘சிண்டிகேட் (பல்கலைக்கழக ஆட்சிக்குழு) முடிவு’ என்பார். சிண்டிகேட் தீர்மானம் போட்டால் ‘நிதித்துறை ஒப்புதல் வரவில்லை’ என்பார்கள். கோப்பு திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் நடுவே எங்கே நிற்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதே சங்கத்தின் முதல் வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, உயர்கல்வித் துறைக்கு ஒன்று என இரண்டு மனுக்களை ஒரே நாளில் போட்டால் பதில்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆர்ப்பாட்டத்துக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். யாரை எதிர்த்துக் கோஷம் போடுவது என்றாவது தெரியும்.

பேராசிரியர்கள் தொழிலாளர் நீதிமன்றம் போக முடியுமா?

முடியாது. கல்வி நிறுவனமும் ‘தொழில்’தான் என்று 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 1988-இல் சுந்தராம்பாள் வழக்கில், ஆசிரியர் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று சொல்லிவிட்டது. ஆகவே ஒரே வளாகத்தில் வேலை பார்க்கும் ஓட்டுநருக்கும் ஆய்வக உதவியாளருக்கும் திருநெல்வேலி தொழிலாளர் நீதிமன்றத்தைத் தட்டிப் பார்க்க வாய்ப்பு இருந்தது, பேராசிரியருக்கு இல்லை. அவர் போக வேண்டியது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு. ஆசிரியரும் ஆசிரியரல்லாதவரும் தனித்தனிச் சங்கம் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மற்ற காரணங்களை நான் சொல்லத் தேவையில்லை.

அரசு உதவிபெறும் கல்லூரி ஆசிரியருக்கு எந்தச் சங்கம்?

ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தெ.தி. இந்துக் கல்லூரி, மார்த்தாண்டம் நேசமணி நினைவுக் கல்லூரி என்று இந்த மாவட்டத்தின் பழைய கல்லூரிகள் பலவும் உதவிபெறுபவை. இவற்றின் ஆசிரியர்களிடம் சங்கம் என்றாலே ‘மூட்டா’ என்பார்கள். மதுரை காமராசர், மனோன்மணியம் சுந்தரனார், அன்னை தெரசா, அழகப்பா பல்கலைக்கழகங்களின் ஆசிரியர் சங்கம் என்பதன் சுருக்கம் அது. செனட் போன்ற பல்கலைக்கழக அமைப்புகளின் தேர்தலில் சங்கம் ஆள் நிறுத்துவதும் வழக்கம். அதைப் பதவி ஆசை என்று சிலர் சொல்வார்கள். ஆனால் பாடத்திட்டம், தேர்வு வேலைக்கான பணம், இணைப்புக் கல்லூரி விதிகள் எல்லாம் பேசப்படுகிற இடம் அது, அங்கே ஆள் இருக்க வேண்டும்.

உதவிபெறும் கல்லூரியில் சம்பளம் அரசுடையது, நிர்வாகம் தனியாருடையது. நிர்வாகம் நினைத்தவுடன் வேலையை விட்டு எடுக்க முடியாதபடி 1976-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. பணிநீக்கம், பதவி இறக்கம் எதற்கும் உரிய அதிகாரியின் முன் ஒப்புதல் வேண்டும். ஆசிரியரல்லாத ஊழியர்களுக்கும் இது பொருந்தும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. திருநெல்வேலி மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகம்தான் நமக்கானது.

கௌரவ விரிவுரையாளர், தொகுப்பூதிய ஊழியர்களுக்காகச் சங்கம் பேசுமா?

பேச வேண்டும். எல்லாச் சங்கமும் பேசுகிறதா என்பதை அதன் கடைசி மாநாட்டுத் தீர்மானங்களை வாங்கிப் பாருங்கள். நிரந்தர ஊழியர்களின் அகவிலைப்படிக்கு மூன்று தீர்மானம், தொகுப்பூதியக்காரர்களுக்குக் கடைசியில் ஒரு வரி என்று இருந்தால் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

சட்டத்தில் இரண்டு பக்கமும் இருக்கிறது. முறையான தேர்வு இல்லாமல் வந்தவர்கள் நிரந்தரம் கேட்க உரிமை இல்லை என்று 2006-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசுத் தரப்பு எப்போதும் இதைத்தான் எடுத்து வீசும். ஆனால் தற்காலிக ஊழியருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் உண்டு என்று 2016-இல் ஜக்ஜித் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் வகுத்தது. ஆகவே நிரந்தரம் என்ற ஒரே கோரிக்கையில் நிற்பதைவிட, ஊதியக் கோரிக்கையைத் தனி மனுவாக, தனி வழக்காகக் கொண்டுபோவது பலன் தரும்.

இதற்குத் தேவையான தாள்களைப் பத்திரமாக வையுங்கள்: ஒவ்வொரு ஆண்டின் நியமன ஆணை, பாட அட்டவணை, தேர்வுப் பணி ஆணை, வங்கிக் கணக்கு விவரம். கையெழுத்துப் போடும் வருகைப் பதிவேட்டின் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்தவர்கள் பின்னால் நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்யலாமா?

நடத்தை விதிகளின்படி கூடாது. 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 22-வது விதி வேலைநிறுத்தத்தைத் தடுக்கிறது. 2003 ஜூலையில் நடந்த வேலைநிறுத்தத்தில் ஏறக்குறைய 1,70,000 பேரை அன்றைய ஜெயலலிதா அரசு ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தது. அந்த வழக்கில், டி.கே. ரங்கராஜன் வழக்கு என்பார்கள், 2003 ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று சொன்னது. பெரும்பாலானவர்கள் மன்னிப்புக் கடிதமும் 22-வது விதியை மீற மாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதிக்கொடுத்துத்தான் திரும்ப வேலைக்கு வந்தார்கள். வட்டத்துக்கு வட்டம் அந்தக் கடிதம் எழுதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தார்மீக உரிமைகூட இல்லை என்று ஒரு நீதிமன்றம் சொல்லத் தேவை இருந்ததா என்பது வேறு விவாதம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அதற்குப் பிறகு வேலைநிறுத்தமே நடக்கவில்லையா என்றால், நடந்தது. 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ 22-ஆம் தேதி தொடங்கி ஒன்பது நாள் நடத்தியது. கைது, தற்காலிகப் பணிநீக்கம், இடமாற்றம் எல்லாம் வந்தன. பின்னால் அந்த நடவடிக்கைகள் திரும்பப் பெறப்பட்டு, அந்த நாட்கள் பணிக்காலமாகவும் ஏற்கப்பட்டன. சட்டம் சொல்வது ஒன்று, அரசியல் முடிவது வேறு ஒன்று. இரண்டாவதை நம்பி முதலாவதை மறந்துவிடக் கூடாது. குறிப்பாகத் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். நிரந்தர ஊழியருக்குச் சம்பளம் பிடிப்பார்கள், இவர்களுக்கு வேலையே போகலாம்.

அப்படியானால் ஆர்ப்பாட்டமும் கூடாதா?

ஆர்ப்பாட்டம் வேறு. அமைதியான ஆர்ப்பாட்டத்தை முழுசாகத் தடை செய்யும் விதி செல்லாது என்று 1962-இல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. ஆனால் அலுவலக வளாகத்துக்குள் கூடாது என்று 22-ஏ விதி தடுக்கிறது.

அதனால்தான் நம் ஊரில் ஆர்ப்பாட்டங்களுக்கு ஒரு நேர ஒழுங்கு உண்டு. ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே, மதிய உணவு இடைவேளையில், அல்லது மாலை 5.45-க்கு அலுவலகம் முடிந்த பிறகு. டிபன் பாக்ஸை மேசையில் வைத்துவிட்டு வந்து, கறுப்புப் பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு, அரைமணி நேரம் நின்று, மணி பார்த்துத் திரும்பிப் போவார்கள். பார்ப்பவருக்கு ‘இதென்ன போராட்டம்’ என்று தோன்றும். வருகைப் பதிவேட்டில் ஒரு நிமிடம்கூட விடுபடாமல், விதியையும் மீறாமல் குரல் கொடுக்க அனுபவத்தில் கண்டுபிடித்த வழி அது. காவல்துறைக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கி வையுங்கள்.

ஒட்டுமொத்தத் தற்செயல் விடுப்பு எடுப்பது பாதுகாப்பானது என்று நினைக்காதீர்கள். வருடத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு இருந்தாலும் அது உரிமை இல்லை, அனுமதிக்கப்பட வேண்டியது. போராட்ட நாளில் அனுமதிக்கக் கூடாது என்று தலைமைச் செயலர் சுற்றறிக்கை வந்துவிடும். வராதவர்களுக்குச் சம்பளம் இல்லை.

17-பி மெமோ வந்திருக்கிறது. சங்கம் என்னைக் காப்பாற்றுமா?

முதலில் மெமோவை வாங்குங்கள். வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டு, நீங்கள் ஒத்துழைக்கவில்லை என்று எழுதுவார்கள். வாங்கும்போது கையெழுத்தின் கீழே தேதி போடுங்கள், ஏனென்றால் பதில் கொடுக்கும் கெடு அதிலிருந்துதான் தொடங்கும்.

அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17-ஏ சிறு தண்டனைக்கானது, 17-பி பெரிய தண்டனைக்கானது. 17-பி என்றால் விசாரணை நடந்தே ஆக வேண்டும். பின்இணைப்பில் எந்தெந்த ஆவணங்களை வைத்துக் குற்றச்சாட்டு எழுதினார்கள், யார் சாட்சி என்று இருக்கும். அந்த ஆவணங்களின் நகல் கேட்டு உடனே ஒரு கடிதம் கொடுங்கள். நகல் கிடைக்காமல் முழு விளக்கம் எழுத வேண்டாம். ஆனால் கெடுவையும் தாண்டவிடாதீர்கள். ‘நகல் கேட்டு இந்தத் தேதியில் எழுதியிருக்கிறேன், கிடைத்ததும் விளக்கம் தருகிறேன்’ என்று கெடுவுக்குள் ஒரு வரியாவது போய்ச் சேர வேண்டும். விசாரணை அதிகாரியின் அறிக்கை நகலைத் தந்து உங்கள் கருத்தைக் கேட்காமல் தண்டனை கொடுத்தால் அது 1993-ஆம் ஆண்டு கருணாகர் வழக்குத் தீர்ப்புக்கு முரணானது. தற்காலிகப் பணிநீக்கத்தில் மூன்று மாதத்துக்கு மேல் குற்றச்சாட்டு மெமோ இல்லாமல் வைத்திருக்கக் கூடாது என்று 2015-இல் அஜய்குமார் சௌத்ரி வழக்கில் சொல்லியிருக்கிறார்கள்.

சங்கத்தின் பங்கு இதில் எங்கே? அனுபவமுள்ள ஒரு மூத்தவர் உங்கள் விளக்கத்தைப் படித்துப் பார்ப்பார், கோபத்தில் எழுதிய பத்தியை அடித்துவிடுவார், விசாரணை நாளன்று கூட வருவார். உள்ளே வந்து உதவ அனுமதி வேண்டுமானால் முன்கூட்டி எழுத்துமூலம் கேளுங்கள். நேர்மையாகச் சொன்னால், கையும் களவுமாகப் பிடிபட்ட லஞ்ச வழக்கில் எந்தச் சங்கமும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. சங்கத்தின் பலம் தெரிவது பழிவாங்கும் இடமாற்றம், முதுநிலைப் பட்டியலில் முறைகேடு, நிறுத்திவைத்த ஊதிய உயர்வு போன்றவற்றில்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு?

தபால் துறைக்கு 1993-ஆம் ஆண்டின் அங்கீகார விதிகள். ஒரு பிரிவு ஊழியர்களில் 35 சதவீதம் பேர் உறுப்பினராக இருந்தால் அங்கீகாரம், அடுத்த சங்கத்துக்கு 15 சதவீதம். சந்தா சம்பளத்திலேயே பிடித்தமாகும், அதை வைத்தே உறுப்பினர் எண்ணிக்கை பார்ப்பார்கள். ஆனால் அதே விதிகள், தனி ஊழியர் ஒருவரின் பணிப் பிரச்சினையைச் சங்கம் எடுத்துப் பேசக் கூடாது என்கின்றன. நடைமுறையில் ‘இப்படிப்பட்ட ஊழியர்கள் பாதிக்கப்படுகிறார்கள்’ என்று பன்மையில் எழுதிச் சமாளிக்கிறார்கள். ரயில்வேயில் அங்கீகாரத்துக்கு ரகசிய வாக்கெடுப்பு, கடைசியாக 2024 டிசம்பரில் நடந்தது. நாகர்கோவில் சந்திப்பு திருவனந்தபுரம் கோட்டத்தில் இருப்பதால் கோட்ட அளவுச் சந்திப்புகள் எல்லாம் அங்கேதான்.

களியக்காவிளை தாண்டினால் கேரளத்தில் வேறு மாதிரி இருக்கிறதே?

மேற்கு எல்லையில் இருப்பவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி. பாறசாலையில் வேலை பார்க்கும் உறவினரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இயல்புதான். உதாரணத்துக்கு, தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் என்று ஆனது, கேரளத்தில் 2013 ஏப்ரல் 1 முதல்தான் அந்த மாற்றம். பத்து வருட வித்தியாசம். இங்கே இருபது வருடத்துக்கு மேலாக நடந்த போராட்டத்துக்குப் பிறகு 2026 ஜனவரியில் உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் அறிவிக்கப்பட்டது. கேரளத்தில் வந்த உத்தரவை இங்கே மனுவோடு இணைக்கலாம், தவறில்லை. ஆனால் பணி விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ‘அங்கே உண்டு’ என்பது இங்கே சட்ட வாதமாக நிற்காது.

அலுவலகத்தில் பாலியல் தொல்லை. சங்கத் தலைவரிடம் சொன்னால் போதுமா?

போதாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள் புகார் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்துமூலம் கொடுங்கள். சங்கம் துணைக்கு நிற்கலாம். ‘நம் ஆள்தானே, பேசித் தீர்த்துக்கொள்வோம்’ என்று சங்கத்திலேயே யாராவது சொன்னால் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

எந்தச் சங்கத்தில் சேருவது? எல்லாமே ஏதாவது ஒரு கட்சிப் பக்கம் இருக்கிறதே?

அரசு ஊழியர் அரசியல் கட்சியில் உறுப்பினராக இருக்கக் கூடாது. சங்கத்தின் சாய்வு வேறு விஷயம், அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. நான் பார்க்கச் சொல்வது இவைதான்: ஆளுங்கட்சி மாறினாலும் அதே கோரிக்கையை அதே சத்தத்தில் கேட்கிறார்களா, வரவு செலவு ஆண்டுதோறும் பேரவையில் வாசிக்கப்படுகிறதா, கடைசியாகத் தேர்தல் எப்போது நடந்தது. ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆனவரே இன்னும் வட்டக் கிளைச் செயலாளராக இருந்தால் யோசியுங்கள். சந்தா கட்டினால் ரசீது கேளுங்கள். ரசீது புத்தகம் ‘அடுத்த வாரம் வரும்’ என்றால் பணமும் அடுத்த வாரம் கொடுக்கலாம்.

எங்கள் அலுவலகத்தில் கிளையே இல்லை. எப்படித் தொடங்குவது?

புதிதாகச் சங்கம் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஆனால் ஏற்கனவே இருக்கும் மாநிலச் சங்கத்தின் கிளையாகத் தொடங்குவதுதான் சுலபம். மாவட்ட நிர்வாகியிடம் பேசி, உறுப்பினர் படிவம் வாங்குங்கள். முதல் கூட்டத்தை விடுமுறை நாளில், அலுவலகத்துக்கு வெளியே வையுங்கள். ஆனால் டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மாசியில் மண்டைக்காடு கொடை, இப்படி உள்ளூர் விடுமுறை நாட்களில் கூட்டம் போட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள். தீர்மானப் புத்தகத்தில் வந்தவர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, நிர்வாகிகள் பட்டியலை அலுவலகத் தலைவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைக் கோப்பில் ஒட்டி வையுங்கள்.